நான்மொழி நகரம் – 23: இங் சூன் வாத்தியாரும் சுவான்சோ கல்லும்

சென்ற வாரம் மலாக்காவில் நிறுத்தியிருந்தோம். 1955 ஜனவரி. சீனர் தலைவர் டான் செங் லோக் வீட்டில் அம்னோ தலைவர் துங்குவும் லிம் லியன் கியோக் வாத்தியாரும் எதிரெதிரே. பொதுத்தேர்தல் முடியும்வரை சீனத்தை ஆட்சிமொழியாக்கும் பேச்சை எடுப்பதில்லை என்று சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் சார்பில் வாத்தியார் ஒப்புக்கொண்டதோடு முடித்தேன். இந்த வாரம் நேராக 1961 ஆகஸ்ட், வாத்தியாரின் குடியுரிமையைப் பறிக்கும் நடவடிக்கை. ஆசிரியரிடம் அப்படித்தான் சொல்லி இரண்டு பக்கம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "ஆறு வாரமா வாத்தியார் வாத்தியார்னு எழுதுறீங்க ஐயா, மனுசன் எந்த ஊருன்னு சொல்லவே இல்லியே?"

நியாயந்தான். நம்மவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால் முதல் வரியிலேயே ஊரைச் சொல்லியிருப்பேன். லிம் லியன் கியோக் 1901இல் சீனாவின் ஃபூச்சியன் மாநிலத்தில், யோங்சுன் என்ற மலைப்பக்கத்து ஊரில் பிறந்தவர். மாண்டரினில் யோங்சுன், நம் ஊர் ஹொக்கியன்காரர் வாயில் இங் சூன். பழைய சீனச் சங்கக் கட்டடங்களின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். படித்தது ஜிமெய் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. சிங்கப்பூரில் ரப்பரில் சம்பாதித்ததை எல்லாம் ஊரில் பள்ளிக்கூடங்களாகக் கொட்டினாரே டான் கா கீ, அவர் கட்டியது. 1935இலிருந்து கோலாலம்பூர் கன்ஃபூசியன் பள்ளியில் வேலை. ஜப்பான்காரன் காலத்தில் பன்றி வளர்த்து வயிற்றைக் கழுவினார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

ஊரைச் சரிபார்க்கத்தான் வரைபடத்தை விரித்தேன். வழுக்கி விழுந்தது அங்கேதான். இங் சூன் மலையிலிருந்து இறங்கும் ஆறு ஜின் ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகும் இடம் சுவான்சோ! மார்க்கோ போலோ ஸைத்தூன் என்று எழுதி வைத்த துறைமுகம். வாத்தியாரின் ஊர் இன்றைக்கும் அந்த நகரின் நிர்வாகத்துக்குள்தான் இருக்கிறது. சுவான்சோ என்று காதில் விழுந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும், இனி வாசகர்களுக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகத்தை ஆட்டிப்படைத்தவர் பெயர் பூ ஷௌகெங். அரபு அல்லது பாரசீக வழிவந்த முஸ்லிம் வணிகக் குடும்பம். சுங் அரசின் கடல்வணிக அதிகாரி, அதே சமயம் சொந்தமாகக் கப்பல்கள் வைத்திருந்த முதலாளி. சுங்கத்துறைத் தலைவரே ஏற்றுமதி வியாபாரியாகவும் இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1276இல் மங்கோலியர் தலைநகரைப் பிடித்ததும் சுங் வம்சத்துச் சிறுவன் அரசனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடிவந்தார்கள். சுவான்சோ வாசலில் வந்து நின்றார்கள். பூ கதவைத் திறக்கவில்லை. பசியும் பதற்றமுமாக வந்த தளபதி ஜாங் ஷிஜியே, பூவின் கப்பல்களையும் சரக்கையும் பறித்துக்கொண்டான். கிழவருக்குக் கோபம் தலைக்கேறியது. நகருக்குள் இருந்த சுங் அரச குடும்பத்தாரைத் தேடித்தேடிக் கொன்றார். நகரை மங்கோலியருக்குக் கொடுத்தார். 1277இல் ஜாங் திரும்பி வந்து நகரை முற்றுகையிட்டான், மாதக்கணக்கில் உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டே ஆண்டில் யாமென் கடற்போரில் சுங் வம்சம் மூழ்கியது. வம்சத்தின் கடைசிச் சிறுவன் அரசனைத் தோளில் சுமந்தபடி அமைச்சர் கடலில் குதித்தார்.

பூ ஷௌகெங் துரோகிதான் என்பது சீன வரலாற்றின் தீர்ப்பு. என் தீர்ப்பும் ஏறக்குறைய அதுதான். கப்பல் போனதற்காகக் குடும்பம் குடும்பமாக வெட்டியவனுக்கு வேறு பெயர் இல்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு வழியாக வந்த வியாபாரத்தில் நம்மாட்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க முடியாது. 1281 சித்திரை. யாமென் போர் முடிந்து இரண்டு வருடம் கொஞ்சமே தாண்டிய நேரம். சுவான்சோவில் ஒரு சிவன் கோயிலில் கல் நடுகிறார்கள். சக ஆண்டு 1203, சித்திரா பௌர்ணமி. தவச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் என்ற பெரிய மனிதரின் ஆணைப்படி, அவர் உடல் நலம் வேண்டி இறைவனை எழுந்தருளச் செய்ததாகச் செய்தி. எழுத்து தமிழ். கடைசியில் ஒரு வரி சீனம். தமிழ்நாட்டு டி. என். சுப்பிரமணியமும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் படித்து எழுதிய கல் இது. கோயில் போய்விட்டது. அதன் தூண்களும் சிற்பங்களும் நகரெங்கும் சிதறிக் கிடந்தன. காய்யுவான் பௌத்த ஆலயத்தின் பின்பக்கத் தூண்களில் நரசிம்மரையும் கண்ணனையும் இன்றும் காணலாம். பக்கத்து செதியன் கிராமத்தில் நம் பழைய தெய்வச் சிலை ஒன்றைக் குவான் யின் என்று சொல்லி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

இதை எழுதிவிட்டு, நேற்று மாலை தம்பிப்பிள்ளை சாலையில் உள்ள மும்மதக் கோயில் பக்கம் போய் நின்றேன். பௌத்தம், தாவோ, கன்ஃபூசியம் மூன்றுக்கும் ஒரே கூரை. நம் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் பாதிப்பேர் தினமும் கடந்துபோவது, உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் கொஞ்சம்பேர். வாசல் பலகையில் இருப்பதை ஓர் எழுத்துகூட என்னால் படிக்க முடியவில்லை. மூவாயிரம் கிலோமீட்டர் அப்பால் இருக்கும் கல்லைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரிகிறது, வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருப்பது தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட பலகைகளைப் படித்தவர் ஒருவர் நம் பக்கத்திலேயே குடியிருந்தார். சீனர் அல்லர், ஜெர்மானியர். வொல்ஃப்காங் ஃபிராங்கே. ஹம்பர்க்கில் பிறந்து, 1937 முதல் 1950 வரை சீனாவில் வாழ்ந்து, சீனப் பெண்ணை மணந்து, பிறகு ஹம்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். 1963இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். பல்கலைக்கழகம் இருக்கும் பந்தாய் பள்ளத்தாக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். வந்தவர் வகுப்பறையோடு நிற்கவில்லை. கோயில் மணி, ஊதுபத்திக் கலயம், நன்கொடைப் பலகை, கல்லறை என்று சீன எழுத்து எங்கே பொறித்திருந்தாலும் படியெடுக்க ஆரம்பித்தார். சென் தியே ஃபான் என்ற அறிஞரும் சேர்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் கோலாலம்பூருக்கே திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மலேசியச் சீனக் கல்வெட்டுகள் மூன்று பெருந்தொகுதிகளாக 1982, 1985, 1987இல் வெளிவந்தன. எந்தக் கடைக்காரர் எந்த ஆண்டு எத்தனை வெள்ளி கொடுத்தார் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. நம் தோட்டத்துக் கோயில் மணிகளுக்கும் உபயப் பலகைகளுக்கும் இப்படி ஒரு ஃபிராங்கே வந்திருந்தால் என்று பெருமூச்சு விடாமல் அந்தப் பக்கங்களைப் புரட்ட முடியாது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பலகைகள் என்ன ஆயினவோ.

இந்த இருவர்தாம் 1970களின் தொடக்கத்தில் புருணை முஸ்லிம் மயானத்தில் கிடந்த ஒரு சீனக் கல்லறைக் கல்லைப் படித்தார்கள். ஆண்டு 1264. உள்ளே உறங்குபவர் சுவான்சோ அதிகாரி ஒருவர், குடும்பப் பெயர் பூ! நம் ஷௌகெங்குக்கு உறவா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உறவு வேண்டும் என்று ஆசை, ஆசை சான்றாகாது.

இடம் முடிகிறது, வாத்தியார் காத்திருக்கிறார். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஃபிராங்கே பந்தாயில் இறங்கிய அதே 1963இல்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வியல் துறை தொடங்கியது. பேராக்கில் பிறந்த ஹோ பெங் யோக், இயற்பியல் படித்துவிட்டுப் பழஞ்சீன வானியலுக்குள் போனவர், மறு ஆண்டு அதன் பேராசிரியரானார். பக்கத்திலேயே இந்திய ஆய்வியல் துறையில் தனிநாயகம் அடிகள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இந்த ஊரில் கூட்டப்போகிறவர். சீனத்தை ஆராயப் பேராசிரியர் பதவி போட்டார்கள். அதே 1964இல் லண்டன் பிரிவி கவுன்சில், சீனத்தைக் கற்பித்த வாத்தியாரின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. குடியுரிமை போயிற்று, கற்பிக்கும் உரிமம் அதற்கு முன்பே போய்விட்டது. வாத்தியார் எதிர்த்த ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கை பிடிக்காதவர்கள்கூட அந்த அமைச்சரை வில்லனாக்க வேண்டாம் என்பேன், கொள்கை என்றால் சண்டை இருக்கும். எதிர்த்துப் பேசிய ஆசிரியரை நாடில்லாதவராக்கியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மிங் வம்சத்தை நிறுவியவர் பூ ஷௌகெங்கின் சந்ததியாரை அரசுத் தேர்வு எழுதவிடாமல் தடுத்ததாகச் சொல்வார்கள். அவர்களாவது துரோகியின் பேரப்பிள்ளைகள்.

ஃபிராங்கேயின் இரண்டாம் தொகுதி வந்த 1985இல், டிசம்பர் 18 அன்று லிம் லியன் கியோக் இறந்தார். கோலாலம்பூர் ஹொக்கியன் மயானத்தில் அவர் கல் இருக்கிறது. 1961 ஆகஸ்ட், அடுத்த வாரம். கிள்ளான் வாசகர் இடையில் தொலைபேசி செய்யாமல் இருந்தால்.

(தொடரும்)