அல்புகர்க்கி: ‘பிரேக்கிங் பேட்’ படப்பிடிப்புத் தலங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அல்புகர்க்கி, ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தேடி வரும் நகரம். வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய இத்தொடர் 5 பருவங்களும் 62 அத்தியாயங்களும் கொண்டது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாகவே முதலில் கதை எழுதப்பட்டது. நியூ மெக்சிகோ தந்த வரிச்சலுகை படக்குழுவை இங்கே இழுத்து வந்தது.

கதையில் வரும் ‘லாஸ் போயோஸ் எர்மானோஸ்’ கோழிக்கறிக் கடை, உண்மையில் ‘ட்விஸ்டர்ஸ்’ என்ற உணவகம். பழைய நகரப் பகுதியிலுள்ள ‘கேண்டி லேடி’ மிட்டாய்க்கடைதான் தொடக்கப் பருவங்களுக்கு நீலக் கற்கண்டு செய்து கொடுத்தது. திரையில் அதுவே போதைப்பொருளாகத் தோன்றியது. தொடரில் போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படும் வேனைப் போன்ற வண்டியிலேயே பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டுவோரும் உண்டு.

நாயகன் வால்டர் ஒயிட்டின் வீடு, மக்கள் குடியிருந்த தனியார் வீடு. அவர் கூரைமேல் பீட்சாவை வீசும் காட்சியைப் பார்த்த ரசிகர்கள் அங்கே போய் அதையே செய்தார்கள். நிறுத்தும்படி கில்லிகனே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். பின்னர் உரிமையாளர்கள் வேலி போட்டனர். இத்தகைய இடங்களைத் தெருவில் நின்று பார்ப்பதே முறை.

வால்டர், அவருடைய கூட்டாளி ஜெஸ்ஸி இருவரின் வெண்கலச் சிலைகள் 2022இல் நகர மாநாட்டு மையத்தில் வைக்கப்பட்டன. முன்கதைத் தொடரான ‘பெட்டர் கால் சால்’ (2015–2022) இதே நகரில் படமாக்கப்பட்டதால், பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் மேலும் நீண்டது.