செல்லுக்கும் ஒரு 'பீயிங்' வேண்டும்

பி.காம் படித்தவர்களுக்கு 'பீயிங்' மறந்திருக்காது. ஜர்னலில் டெபிட், கிரெடிட் எழுதியதும், அது எதற்கான தொகை என்று கீழே ஒரு வரி. பெயர் நரேஷன். அதை விட்டால் மார்க் போச்சு! எங்க பாகாலா, சித்தூர் பக்கத்து மண்டிக் கணக்கிலும் தொகைக்கு எதிரே விவரம் இருக்கும். 1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில் லூக்கா பசியோலியும் யார், என்ன, எப்போது என்று ஒன்றுவிடாமல் எழுதத்தான் சொன்னார்.

1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க்கைக் கொண்டுவந்தபோது கூட்டல் நிமிடத்தில் முடிந்தது. நரேஷன் காணாமல் போனது. கட்டத்தில் எண் இருக்கும், அது ஏன் வந்தது என்பது இருக்காது. 1989இல் லோட்டஸ் 1-2-3இன் மூன்றாம் வெளியீட்டில் சூத்திரத்துக்குப் பின் அரைப்புள்ளி போட்டுக் குறிப்பு எழுத முடிந்தது. எக்செலில் 1993இல் விபிஏ மொழி வந்தது. எக்செல் 97இல் 'ஆட்கமென்ட்' என்ற கட்டளை சேர்ந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஆயிரம் வரிகளுக்குக் கையால் குறிப்பு எழுத யாருக்குப் பொறுமை? ஒரு செல் மாறியதும் பழைய எண், தேதி, மாற்றியவர் பெயர் மூன்றையும் மேக்ரோவே ஒட்டிவிடும். ஒரு நுணுக்கம்: ஏற்கெனவே குறிப்புள்ள செல்லில் ஆட்கமென்ட் பிழை காட்டி நின்றுவிடும். முதலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பழையதோடு புதியதைச் சேர்க்க வேண்டும். அழித்து எழுதினால் வரலாறே போய்விடும்.

2018இல் மைக்ரோசாஃப்ட் உரையாடல் வடிவக் கமென்ட்டைக் கொண்டுவந்து, பழையதற்கு 'நோட்' என்று பெயரிட்டது. பழைய மேக்ரோக்கள் ஆட்கமென்ட் என்று அழைத்தாலும் இன்று பிறப்பது நோட்தான்! உரையாடலுக்கு 'ஆட்கமென்ட்த்ரெடட்' என்று தனிக் கட்டளை.

குறிப்பு எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2012இல் ஜேபி மார்கன் வங்கி லண்டனில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அங்கே அபாயத்தை அளந்த கணக்கு, எக்செல் தாள்களில் கையால் வெட்டி ஒட்டி ஓடியது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இழப்புக்கு அது மட்டும் காரணமில்லை. ஆனால் "சராசரியால் வகுக்கிறோம்" என்று அந்தச் செல்லில் ஒரு வரி இருந்தால், சரிபார்ப்பவர் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். நோட்டை யாரும் அழிக்கலாம் என்பதால் அது தணிக்கைக்கு ஈடாகாது. துணை, அவ்வளவே.

நம் வீட்டுத் தாளையும் பாருங்கள். ஊருக்கு அனுப்பிய பணம், அண்ணன் தம்பி பாகம், வீட்டுக் கடன்... எண்கள் நமக்குப் புரியும். நாளைக்குப் பிள்ளைகள் திறந்தால்? ஒவ்வொரு பெரிய தொகைக்கும் ஒரு 'பீயிங்' போட்டு வையுங்கள். சொத்துத் தகராறில் பாதி, தொகையைப் பற்றியதல்ல. அது எதற்குக் கொடுத்தது என்பதைப் பற்றியது.