தாயையும் சேயையும் பிரிக்காதே: ஒரு சட்டப் பிரிவின் பின்கதை

மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, கற்படுக்கை, பழைய ஏடு என்று எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். எங்கள் நயினார் சமூகத்துப் பழங்கதைகளையும் எழுதியிருக்கிறேன். இந்த முறை வேறு வரலாறு. பிள்ளை பெற்றவளின் மனசைப் பற்றிய வரலாறு. ‘பாத்திரக் கடைக்காரருக்கு இது எதற்கு?’ என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1971-ல் எனக்குப் பதினோரு வயது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். என் பெரிய அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. பத்தாம் நாள் பேச்சை நிறுத்தினாள். அப்புறம் பேசினாள், ஆனால் அது அவள் பேச்சாக இல்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, ‘இது என் புள்ள இல்ல, மாத்திட்டாங்க’ என்பாள். ஆயா விளக்கெண்ணெய் தடவினாள், காயம் இடித்துக் கொடுத்தாள். ‘ஜன்னி கண்டுடுச்சுடா’ என்று மட்டும் என்னிடம் சொன்னாள். கடைசியில் வேறோர் ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கொண்டு போனார்கள். குழந்தை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாசம். அக்கா தெளிந்து திரும்பி வந்தபோது பால் வற்றியிருந்தது. குழந்தை ஆயாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவன் ஆயாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். வளர்ந்த பிறகும் அக்காவை அவன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

‘ஜன்னி’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலும் ஜன்னிதான், காய்ச்சலே இல்லாமல் புத்தி தடுமாறுவதும் ஜன்னிதான். நம் முன்னோருக்கு நோய் தெரியாமல் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் இரண்டுக்கும் ஒரே மருந்தாகிவிட்டது. இன்று மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெற்ற முதல் சில நாட்களில் வந்து தானே போகும் அழுகை ஒன்று. வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு இரண்டாவது. அக்காவுக்கு வந்தது போன்ற கடுமையான மனப்பிறழ்வு மூன்றாவது. இது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. உடனே வைத்தியம் பார்க்க வேண்டிய அவசர நோய் இது, பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அக்காவைச் சேர்த்த காலத்தில் நாட்டில் நடந்தது 1912-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட பைத்தியக்காரர் சட்டம். அந்தச் சட்டத்தின் நோக்கமே அடைத்து வைப்பதுதான். இங்கிலாந்தில் அதற்குள் மாற்றம் வந்துவிட்டிருந்தது. காசெல் மருத்துவமனையில் தாமஸ் மெயின் என்ற மருத்துவர் 1948-லேயே ஒரு தாயை அவள் குழந்தையோடு சேர்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் அங்கே தாய்-சேய் பிரிவுகள் வந்தன.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்காமல் இல்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த டாக்டர் வித்யாசாகர் 1950-களில் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு, நோயாளியின் குடும்பத்தாரைக் கூடவே தங்க வைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. அங்கும் உறவினர் நோயாளியோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறைதான். இதை நான் படித்தது ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் ஊரிலிருந்து வேலூர் அரை நாள் பஸ் பயணம்தாங்க! குடும்பத்தோடு தங்க விடுகிற இடம் ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. அன்று கடை சாத்தின பிறகும் வெகு நேரம் கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அரசாங்கத் திட்டங்களின் காலம் வருகிறது. நாம் வாழும் பெங்களூரை ஒட்டிய சக்கலவாராவில் 1970-களின் நடுவில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1980-களில் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் சோதனை. 1996-ல் நாலு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. ஆனால் இவற்றில் ஊழியர்கள் தேடியது பெரும்பாலும் தீவிர மனநோயையும் வலிப்பையும்தான். பிள்ளை பெற்று மூலையில் உட்கார்ந்து மௌனமாக அழுகிறவள் யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு பக்கம் தாய்-சேய் நலத் திட்டங்கள். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு பாடம். 2005-க்குப் பிறகு ஆஷா பணியாளர் வந்தார். வீட்டு வாசல்வரை வருகிறவர் அவர்தான். ஆக, மனநோய்க்கு ஒரு கோப்பு, மகப்பேற்றுக்கு ஒரு கோப்பு, அங்கன்வாடிக்கு வேறொரு துறையின் கோப்பு. மூன்றும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. எங்கள் வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பேரேட்டில் ஏறாத சரக்கு கடையில் இல்லாத சரக்கு. கர்ப்பிணியின் எடை பேரேட்டில் ஏறியது, இரும்புச்சத்து மாத்திரை ஏறியது. அவள் தூங்கினாளா, அழுதாளா என்பது பல பத்தாண்டுகளுக்கு ஏறவில்லை.

பேரேட்டில் ஏற்ற ஒரு அளவுகோல் 1987-ல் எடின்பரோவில் வந்தது. பத்தே பத்து கேள்வி. ஒரு செவிலியர் பத்து நிமிஷத்தில் கேட்டு முடிக்கலாம். அதைத் தமிழிலும் வேலூரில் சரிபார்த்திருக்கிறார்கள். 2002-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துத் தாய்மாரில் 11 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் கண்டது 23 சதவீதம். 2017-ல் நாட்டின் 38 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது 22 சதவீதம் என்று வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தி.

கணியம்பாடியில் காரணங்களையும் எழுதியிருக்கிறார்கள். வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாமை. ஆண் பிள்ளை வேண்டுமென்று எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பதும் பட்டியலில் இருக்கிறது. ‘எல்லாம் சுரப்பிகளால் வருவது’ என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சுரப்பி பெண் பிள்ளைக்கு ஒரு மாதிரியும் ஆண் பிள்ளைக்கு ஒரு மாதிரியுமா சுரக்கிறது?

இத்தனை பேருக்கு மனநல மருத்துவரை எங்கே தேடுவது? வழி காட்டியது பாகிஸ்தானின் ராவல்பிண்டி. அங்கே கிராமங்களில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியருக்கே அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவரின் குழு பயிற்சி கொடுத்தது. ஏற்கெனவே சோர்வில் இருந்த தாய்மாரிடம் குழந்தையின் நலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, மெல்ல மெல்லத் தாயின் எண்ணங்களுக்கு வருவது அவர்கள் முறை. 2008-ல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது இந்த முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 23 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கும் சோர்வு நீடித்தது. மருந்து மாத்திரை இல்லை, புதுக் கட்டடம் இல்லை. பிறகு கோவாவில் அதே ஊர்ப் பெண்களை வைத்தே இந்த முறையைச் செய்து பார்த்தார்கள்.

2009-ல் நிம்ஹான்ஸில் தாய்-சேய் பிரிவு திறந்தது. தாயும் குழந்தையும் மட்டுமல்ல, வீட்டுப் பெண் ஒருவரும் கூடத் தங்கலாம். மேல்நாட்டில் செவிலியர் செய்வதை இங்கே பாட்டி செய்கிறாள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் குழந்தையின் வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டுபிடிக்க மாவட்ட மையங்களை ஏற்படுத்தியது. பேசவோ சிரிக்கவோ தாமதிக்கும் குழந்தையைப் பார்க்கிறவர்கள் அதன் தாயையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்றால், ஆளைப் பொறுத்தது.

இனி அந்தச் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 21-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. மனநல நிலையத்தில் இருக்கும் பெண்ணின் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம், ஆனால் அப்போதும் மேற்பார்வையோடு தாய் பார்க்கலாம். பிரித்து வைத்த முடிவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். முப்பது நாளைத் தாண்டினால் மேலதிகார அமைப்பின் ஒப்புதல் வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

போன வருஷம் ஊருக்குப் போனபோது இதை அக்காவிடம் தமிழில் சொன்னேன். எழுபத்தைந்து தாண்டியவள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ‘பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் பாக்கணுமாமா?’ என்று கேட்டாள். ‘ஆமாக்கா.’ ‘நாலு மாசத்துல எத்தினி தரம் ஆவும்?’ என்று விரலை மடக்கினாள். எட்டு என்று நான் சொல்வதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நம் கதைக்கு வருவோம். வெளியூரில் இருக்கும் நமக்குத் தாய்வீட்டுப் பிரசவம் அநேகமாகப் போய்விட்டது. 2005-06-ல் நாட்டில் 39 சதவீதமாக இருந்த ஆஸ்பத்திரிப் பிரசவம் 2019-21-ல் 89 சதவீதம். உயிர்கள் தப்பின, நல்லதுதான். ஆனால் மூன்றாம் நாள் வீடு, புருஷனுக்கு ஆபீஸ், ஆறு மாச விசாவிலோ மூன்று மாச லீவிலோ வந்து போகும் அம்மாக்கள். சோர்வு வெளியே தெரியும் நேரத்தில் அடுக்குமாடி வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். என் கடைக்குத் தொட்டில் விசேஷத்துக்குச் சில்வர் கிண்ணி வாங்க வருகிற பையன்களிடம் குழந்தையைப் பற்றிக் கேட்ட கையோடு, ‘அவ தூங்குறாளா தம்பி?’ என்றும் கேட்பேன். சிலர் சிரித்து மழுப்புவார்கள். ஒருவன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். தகப்பனுக்கும் இந்தச் சோர்வு வரும், அதைக் கணக்கெடுப்பவர் இன்னும் குறைவு.

மனக்கஷ்டத்தை வேறு மொழியில் சொல்ல முடியாது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நம் சங்கத்து மகளிர் அணியினர் சீமந்தத்துக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் இந்த எண்ணை அச்சடித்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அச்சுச் செலவு என் பொறுப்பு.