ஜெரெஜாக்: நம் முன்னோர் கால் பதித்த முதல் கரை



கடந்த பள்ளி விடுமுறையில் என் நெடுநாள் எண்ணம் ஒன்று நிறைவேறியது. பினாங்குத் தீவின் கிழக்குக் கரையோரம், இரண்டு பாலங்களுக்கும் இடையே பச்சைக் குன்றுபோல் கிடக்கும் ஜெரெஜாக் தீவுக்குச் சென்று வந்தேன். நாம் அன்றாடம் தொலைவிலிருந்து காணும் தீவுதான். ஏறத்தாழ 360 ஹெக்டர் பரப்பு, பெரும்பகுதி காடு. படகேறினால் சில நிமிடங்களில் கரை வந்துவிடுகிறது.

நான் அங்குச் செல்ல விரும்பியதற்குக் காரணம் என் பாட்டி. 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் அவர். "நேரா பினாங்குல எறக்கல சாமி. மொதல்ல ஒரு தீவுல கொண்டுபோய் வெச்சாங்க. துணிமணியெல்லாம் வாங்கி ஆவியில அவிச்சாங்க" என்பார். அத்தீவின் பெயர் அவருக்குத் தெரியாது. சிறுவர்களாகிய நாங்களும் கேட்டதில்லை. பிற்காலத்தில் பினாங்கு வரலாற்றைப் படித்தபோதுதான், அது ஜெரெஜாக்காகவே இருக்க வேண்டும் என்று விளங்கியது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைப்பற்றிய பிறகு, இது துறைமுக நகராக விரைந்து வளர்ந்தது. கப்பல்கள் பெருகப் பெருக, அவற்றோடு வரும் நோய்கள் குறித்த அச்சமும் பெருகியது. நகரத்தார் அஞ்சியவற்றையெல்லாம் ஒதுக்கி வைக்கும் இடமாக ஜெரெஜாக் ஆனது. 1860களின் இறுதியில் இங்குத் தொழுநோயாளர் இல்லம் கட்டத் தொடங்கினர். அடுத்து, வெளிநாட்டுக் கப்பல்களில் வருவோரைத் தங்கவைத்துச் சோதிக்கும் தொற்றுத்தடுப்பு நிலையம் எழுந்தது. அம்மையும் வாந்திபேதியும் ஊருக்குள் நுழையாதிருக்க, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் சீனத்திலிருந்து வந்த தொழிலாளரும் இங்குக் காத்திருந்தனர். கங்காணியின் பின்னே தோட்டம் நோக்கிப் புறப்பட்ட நம்மவர் பலருக்கு, மலாயா மண் என்பது முதலில் இந்தத் தீவின் மணல்தான்.

1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதன்பின் இங்கிருந்த நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். பிறகு காசநோயாளருக்கான மருத்துவமனை இங்கு இயங்கியது. 1969ஆம் ஆண்டு மே கலவரத்திற்குப் பின் தீவு சிறையானது; அச்சிறை 1993இல் மூடப்பட்டது. 2004இல் திறக்கப்பட்ட உல்லாச விடுதியும் பின்னர் மூடப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டாதவரை இங்கு அனுப்பியிருக்கிறது. கடைசியாக வந்தவர்கள் மட்டுமே விரும்பி வந்தவர்கள்!

தீவில் இன்னொரு வரலாறும் புதைந்துள்ளது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டல்லவா? அந்த எம்டன் ஒரு செருமானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. அதே கப்பல் அக்டோபர் 28 விடியற்காலையில், பொய்யாக ஒரு புகைபோக்கியைக் கூடுதலாகப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த செம்சுக் என்னும் உருசியக் கப்பலை மூழ்கடித்தது. கப்பல் தலைவரோ அவ்விரவில் கரையில் இருந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அவர்களுக்கான நினைவுக்கல் ஜெரெஜாக்கிலும், ஜோர்ஜ்டவுன் மேற்குச் சாலை இடுகாட்டிலும் உள்ளது.

அந்த நினைவுக்கல்லின் முன் நின்றபோது மனம் கனத்தது. தொலைதூர நாட்டு மாலுமிகளை ஒரு கல் இன்றும் நினைவூட்டுகிறது. அது நல்லதே. ஆயினும் கப்பலில் நோயுற்று, இத்தீவோடு பயணம் முடிந்துபோன நம்மவர்களுக்கென்று நான் நடந்த வழியில் ஒரு கல்லையும் காணவில்லை. கட்டடச் சிதைவுகளின்மேல் ஆலவேர்கள் படர்ந்திருந்தன. 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலக மரபுடைமை நகராக அறிவித்தது; அந்த எல்லைக்குள் ஜெரெஜாக் இல்லை.

திரும்பும் படகில் பாட்டியை எண்ணிக்கொண்டேன். பெயர் தெரியாத தீவில் சில நாள் காத்திருந்து, பிறகு நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பள்ளி திறந்ததும் என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சுவர் வரைபடத்தில் ஜெரெஜாக்கைக் காட்டினேன். வீட்டுப்பாடமாக ஒரே ஒரு வினா: "உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் யார்? எங்கே இறங்கினார்?" இருபத்திரண்டு பேரில் மூவரால் மட்டுமே விடை எழுத முடிந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் இன்றே கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.