அயர்லாந்து நில ஆவணங்களில் ஆங்கிலேயக் குடியேறிகள்

அயர்லாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிய ஆங்கிலேய மூதாதையரைத் தேடுவோர் பெரிதும் நம்பியிருப்பது நில ஆவணங்களையே. ஏனெனில் 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது உயில்களும் திருச்சபைப் பதிவேடுகளும் ஏராளமாக அழிந்துபோயின.

மன்ஸ்டர், அல்ஸ்டர் குடியேற்றங்களுக்கு அரச மானியப் பட்டயங்கள் உண்டு. அவற்றில் பெரிய மானியதாரர்களே தென்படுவர். கிராம்வெல் காலத்துக்கு, வில்லியம் பெட்டி 1656–58இல் நடத்திய டவுன் சர்வே என்ற நில அளவை உதவும். 1641இல் நிலம் யாரிடம் இருந்தது, பறிமுதலுக்குப் பின் யாருக்குப் போனது என்பதை அருகருகே காட்டும் நிலப் பகிர்வு ஏடுகள் அதைவிடப் பயனுள்ளவை. சம்பள பாக்கிக்காக நிலப் பத்திரம் பெற்ற கிராம்வெல் படைவீரர் பலர் அதை அதிகாரிகளிடம் மலிவாக விற்றுவிட்டனர். எனவே ஏட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஆளே வரவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

1708இல் தொடங்கிய டப்ளின் பத்திரப் பதிவகத்தில் பத்திரங்களின் சுருக்கங்கள் உள்ளன. எழுதிக் கொடுத்தவர் பெயரிலும் ஊர்ப்பெயரிலும் அட்டவணை உண்டு; எழுதி வாங்கியவர் பெயரில் இல்லை. சிறு குத்தகைதாரரைத் தேடுபவருக்கு இது பெரும் தலைவலி. ஆனாலும் 'மூன்று ஆயுள்' குத்தகை கிடைத்தால் அது புதையல்தான்: குறிப்பிட்ட மூவரில் கடைசி ஆள் இறக்கும்வரை செல்லும் அதில், குத்தகைதாரர் பெரும்பாலும் தம் பிள்ளைகளின் பெயரையே கொடுத்தார், சில வேளை வயதும் இருக்கும்.