மடிக்கணினி ஒலிபெருக்கி

விசைப்பலகையின் ஓரத்திலோ அடியிலோ பொருத்தப்படும் சிறு ஸ்பீக்கர். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பெருந்திரளாகப் பாடப்படும் பஞ்சரத்தின கீர்த்தனைகளை வெளியூர் ரசிகர் பலர் கேட்பது இதில்தான்.

இவ்வளவு சிறிய கருவி போதிய ஒலி தருவதற்குக் காரணங்கள் பல. அளவில் சிறுத்தும் வலிமை குறையாத நியோடிமியம் காந்தம் 1980-களில் வந்தது. இன்றைய பெருக்கிச் சில்லுகள் கம்பிச்சுருளின் சூட்டையும் சவ்வின் அசைவையும் கண்காணித்து, பழுதாகும் எல்லைக்குச் சற்று முன்புவரை மின்திறன் செலுத்துகின்றன. கேட்பவரும் அரை மீட்டர் தொலைவில்தான் இருக்கிறார். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். போதாததற்கு, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் 2,000–5,000 ஹெர்ட்ஸ் பகுதி சிறு சவ்வுக்கு எளிதானது.

சிக்கல் கீழ்ஸ்தாயியில். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். அதற்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள இச்சவ்வால் இயலாது. ஆனாலும் அந்த ஷட்ஜம் கேட்கிறது! அதன் மடங்குகளான 195, 260, 325 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கொண்டு மூளையே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. தம்புராவில் இம்மேற்சுரங்கள் செழித்தெழக் குதிரையின் வளைவும் அதில் செருகும் நூலும் காரணம், இதை சி. வி. ராமன் 1921-இல் ஆராய்ந்து எழுதினார்.

மிருதங்கத்தின் தாழ்ஒலிப் பக்கமான தொப்பிக்கு மூளையின் இந்த உதவி போதாது. அதில் எழும் கும்கி என்னும் தாழ்நாதத்தைக் கற்கும் மாணவர் நல்ல ஹெட்ஃபோனில் கேட்பதே முறை.