இசைவும் பணிதலும்

சட்ட நூல்களை மொழிபெயர்ப்போருக்குச் சில சொற்கள் இடறுகற்கள். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 375 ஆம் பிரிவில் கூறிய குற்றத்தைத் தமிழில் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதி வந்தோம். குற்றம் புரிந்தவன் ஆடவன். அழிந்ததாகச் சொல்லப்படுவதோ பெண்ணின் கற்பு! கொடுமைக்கு ஆளானவளையே குறையுடையவளாக்கும் மனப்பான்மை இச்சொல்லில் அடங்கியிருக்கிறது. அது நீதிமன்றத்திலும் நுழைந்ததற்கு ஒரு வழக்கு சான்றாகும்.

நாகபுரிப் பக்கம் வாழும் தமிழன்பர்கள் சந்திரபூர் மாவட்டத்தை அறிவார்கள். 1972 மார்ச் 26 ஆம் நாள் இரவு, அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தேசாய்கஞ்சு காவல் நிலையத்துக்கு, அண்ணன் கொடுத்த புகாரின் விசாரணைக்காகப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி அழைத்து வரப்பட்டாள். கூலி வேலை செய்து பிழைத்தவள். வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டது. உறவினர் வெளியே காத்திருக்க, நிலையத்தினுள்ளேயே காவலர் இருவர் தன்னிடம் முறைகேடாக நடந்ததாகவும், அவருள் ஒருவர் தன்னை வன்புணர்ந்ததாகவும் அவள் முறையிட்டாள்.

1974 இல் செஷன்ஸ் நீதிமன்றம், அவள் முன்னரே ஆண் தொடர்பு உடையவள் என்று கூறிக் காவலரை விடுவித்தது. 1976 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை, அச்சத்தால் அடங்கிப் போதல் இசைவாகாது எனக் கண்டு இருவரையும் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, கூக்குரல் எழவில்லை என்பவை அதற்குக் காட்டிய காரணங்களுள் அடங்கும்.

ஓராண்டு கழிந்தது. உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் ஒன்று வரைந்தனர். இசைவு வேறு, பணிதல் வேறு அன்றோ? காவல் நிலையத்தின் சுவர்களுக்குள், அதிகாரத்தின் முன் நிற்கும் ஏழைச் சிறுமியின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளலாமோ? இவையே அம்மடல் எழுப்பிய வினாக்கள். 1980 இல் பம்பாய், டில்லி முதலிய நகரங்களில் மகளிர் வீதிக்கு வந்து அவ்வினாக்களை எழுப்பினர்.

1983 இல் சட்டம் திருந்தியது. காவலரின் பிடியில் நிகழ்ந்த குற்றத்தில், உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டபின் பெண் தான் இசையவில்லை என்று சொன்னால், நீதிமன்றம் அதையே உண்மையென அனுமானிக்க வேண்டும் என்றாயிற்று. முறையிட்ட பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்து அவள் சாட்சியத்தைக் குலைக்க இடமளித்த விதி 2003 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீங்கிற்று. உடலால் எதிர்க்காமை ஒன்றே இசைவாகாது என்று 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக எழுதியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும் அதையே கொண்டுள்ளது.

ஆயினும் அச்சிறுமியின் வழக்கில் விடுதலைத் தீர்ப்பு மாறவில்லை. அவள் பெற இயலாத நீதி பின்வந்தோருக்கு வழியாயிற்று. சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின்னும், அண்டை வீட்டில் ஒரு துயரம் நேர்ந்ததும் “அவள் ஏன் கத்தவில்லை?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. உச்ச நீதிமன்றம் 1978 இல் இடறிய இடம் அதுவே என்பதை அப்போது நினைவிற்கொள்வோமாக.